துயிலிழப்பும் அறிவின் தளர்வும்

தோற்றுவாய்

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் துயிலிலே கழிக்கின்றான். அறுபது ஆண்டு வாழ்ந்தவன் இருபது ஆண்டு உறங்கினான் என்றால், அவ்விருபது ஆண்டும் வீணாயின என்று இரங்குவார் பலர். துயிலைக் குறைத்து உழைப்பவனை உலகம் வியக்கின்றது. வேளைக்குப் படுக்கைக்குச் செல்பவனைச் சோம்பன் என இகழ்கின்றது. மாணவருலகில் இவ்வெண்ணம் இன்னும் ஆழமாக வேரூன்றியுள்ளது. பரீட்சை நெருங்குங்கால், எவன் எத்தனை மணிவரை விழித்திருந்தான் என்பதே வகுப்பறையிற் பேச்சாகின்றது. இரண்டு மணிவரை கண்விழித்தவன் பத்து மணிக்கு உறங்கியவனைப் பார்த்து நகைக்கின்றான். பின்னவனும் ஏதோ பிழை செய்தவன்போல நாணுகின்றான்.

இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஆராயப் புகுவார்க்கு இரண்டு வினாக்கள் எழும். துயிலை இழந்தவன் எவற்றை இழக்கின்றான் என்பது முதலாவது வினா. தான் இழந்ததை அவன் அறிவானா என்பது இரண்டாவது வினா. முதலாவது வினாவை அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுப்பினர். இரண்டாவது வினாவின் முக்கியத்துவம் முற்றாகத் தெளிவாவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற் பரிசோதனைகள்

ஒரு பொருளின் பயனை அறிய விரும்பினால், அப்பொருளை நீக்கிப் பார்த்தல் விஞ்ஞானத்தார் கைக்கொள்ளும் வழி. துயிலின் பயனை இவ்வழியால் ஆராய்ந்தோருள் முன்னோடியாக விளங்கியவர் உருசிய நாட்டைச் சேர்ந்த மரியா மனசேயினா என்னும் பெண்மணியாவார். 1894ஆம் ஆண்டில் வெளியான தம் கட்டுரையில், 10 நாய்க்குட்டிகளுக்குத் துயிலை மறுத்துத் தாம் செய்த பரிசோதனையை அவர் விவரித்தார். அக்குட்டிகள் நான்கு முதல் ஆறு நாட்களுக்குள் இறந்தொழிந்தன. அவற்றின் உடல் வெப்பம் படிப்படியாக வீழ்ந்தது. மூளையிற் சிறு குருதிக் கசிவுகள் காணப்பட்டன. உணவின்றி 20, 25 நாட்கள் கிடந்த நாய்களையோ மீண்டும் உணவூட்டிப் பிழைக்கச் செய்தல் கூடும். ஆகவே முற்றான துயிலின்மை முற்றான உணவின்மையிலும் கொடிது என்பது அவ்வம்மையார் கண்ட முடிபு.

இம்முடிபுக்குத் தடை கூறுவார் இருந்தனர். குட்டிகளைக் கொன்றது துயிலின்மையா, அன்றி அவற்றை விழித்திருக்கச் செய்வதற்காக இடைவிடாது அசைத்து நடத்திய துன்பமா என அன்னார் வினவினர். வினா நியாயமானதே. அதற்குத் தக்க விடை கிடைக்க ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றமையைப் பின்னர்க் காண்போம்.

விலங்குகளைவிட்டு மனிதரை ஆராயத் துணிந்தவர்கள் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்துப் பற்றிக், கில்பேட் என்னும் இருவர். 1896இல் இவர்கள் மூன்று இளைஞரை 90 மணி நேரம் உறங்காது வைத்திருந்தனர். ஆறு மணிக்கு ஒருமுறை அவர்களின் உடல் வெப்பம், நாடி, கையின் வலிமை, பார்வை, நினைவாற்றல், ஓர் அடையாளத்தைக் கண்டதும் கையசைக்கும் விரைவு என்பன அளக்கப்பட்டன. மனித அறிவின் தளர்ச்சியை மணிக்கணக்கில் அளந்து பதிந்த முதல் முயற்சி இதுவெனலாம்.

கண்ட முடிவுகள் வியப்புக்குரியன. துயிலிழந்தவர்களின் செயல்விரைவு குறைந்தது. மனனஞ் செய்யும் ஆற்றல் பெரிதும் நலிந்தது. ஆயின் பார்வைக் கூர்மை குறையவில்லை. கூடியதாகவே அளவுகள் காட்டின. இத்தகைய கூரிய கண்ணையுடைய அவர்களுள் ஒருவரே, இரண்டாம் இரவின் பின்னர், நிலமெங்கும் எண்ணெய்ப் பசையுள்ள நுண்துகள்கள் விரைந்து அலைவதாகக் கண்டு முறையிட்டார். புலன் பழுதுபடவில்லை, புலன் தந்ததை ஏற்று ஆராயும் மனமே பழுதுபட்டது என்பது இதனாற் பெறப்படும். பரிசோதனை முடிந்ததும் அவ்விளைஞர்கள் இழந்த துயில் முழுவதையும் ஈடுசெய்யவில்லை. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அயர்ந்து உறங்கி எழுந்ததும் ஏறக்குறையப் பழைய நிலையினராயினர். துயிலின் ஆழமும் நீளத்தைப் போலவே முக்கியமானது என்ற உண்மைக்கு இஃது அறிகுறியாயிற்று.

துயில் வேட்கையும் நாளின் சுழற்சியும்

துயிலிழந்தவனின் உடலில் யாது நிகழ்கின்றது என்பதை இருவேறு நாட்டினர் தனித்தனியே ஆராய்ந்தனர். 1909இல் யப்பான் நாட்டு இஷிமோரியும், 1913இல் பிரான்சு நாட்டுப் பியெரோனும், நெடுநேரம் விழித்திருந்த நாய்களின் மூளைசார் பாயத்திலிருந்து பெற்ற பொருளைத் துயிலிழக்காத நாய்களுக்குச் செலுத்தினர். அவையும் உறங்கலாயின. விழிப்பு நீள நீள உறக்கத்தை வருவிக்கும் பொருள் ஒன்று உடலிலே சேர்கின்றது என அவர்கள் முடிபு செய்தனர். இன்று அத்தகைய பொருள்கள் பல அறியப்பட்டுள. அவற்றுள் அடினோசின் என்பது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கபேயின் இவ்வடினோசின் பொருந்தும் இடங்களைத் தான் அடைத்துக்கொள்கின்றது. ஆதலின் நள்ளிரவிற் குடித்த தேநீர் துயிற் கடனைத் தீர்ப்பதில்லை. கடன்காரன் கதவைத் தட்டும் ஓசையைச் சிறிது நேரம் கேளாதபடி செய்கின்றது, அவ்வளவே.

இத்துறையில் பெருந்தொண்டு செய்தவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்து நதானியேல் கிளைற்மன். 1895இல் உருசியப் பேரரசுக்குட்பட்ட கிஷினெவ் நகரிற் பிறந்து, 1915இல் அமெரிக்காவை அடைந்து, 104ஆவது வயதில் 1999இல் மறைந்த இப்பேரறிஞர், 1923இல் மனிதரின் நெடிய துயிலின்மை பற்றிய ஆய்வினை வெளியிட்டார். தம்மையும் ஏனையோரையும் உறங்கவிடாது வைத்து ஆராய்ந்த அவர் ஒரு நுட்பத்தைக் கண்டார். இரவு முழுவதும் விழித்தவனுக்குப் பின்னிரவிலே தாங்கொணாத உறக்கம் வருகின்றது. பொழுது புலர்ந்தபின்னரோ, மேலும் பல மணி நேரம் விழித்திருந்தும், உறக்கம் சற்று விலகுகின்றது. விழிப்பு நீளுந்தோறும் உறக்கம் மிகுவதொன்றே விதியாயின் இவ்வாறு நிகழாது. உடலினுள்ளே நாளொன்றுக்கு ஒருமுறை ஏறியிறங்கும் சுழற்சியொன்றும் உண்டென்பது இதனால் தெளிவாயிற்று. 1938இல் கென்றக்கி மாநிலத்து மம்மத் குகையில், பகலிரவு அறியாதவாறு தம் மாணவர் ஒருவருடன் 32 நாட்கள் தங்கி 28 மணி நாளொன்றை வகுத்து வாழ முயன்றதும் இச்சுழற்சியை ஆராயும் பொருட்டேயாம். விழிப்பினாற் பெருகும் துயில் வேட்கை, நாளின் சுழற்சி ஆகிய இரண்டின் கூட்டே உறக்க நேரத்தை வகுக்கின்றது என 1982இல் சுவிற்சர்லாந்து அறிஞர் போபெலி வகுத்த கொள்கை இன்றும் ஏற்கப்படுகின்றது.

கண்விழித்த மாணவன் விடியற்காலையில், "இப்போது தெளிவாக இருக்கின்றேன்" என்பான். அத்தெளிவு நாளின் சுழற்சி தந்த தெளிவு. இழந்த துயில் மீண்டு வந்ததன்று. தன்னைத்தான் அளப்பதில் மனிதன் ஏமாறும் இடங்களுள் இது முதலாவது.

இருவர் செய்த சாதனைகள்

1959ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், பீற்றர் றிப் என்னும் வானொலி அறிவிப்பாளர் நியூயோர்க் நகரின் நடுவே கண்ணாடிக் கூடமொன்றில் அமர்ந்து, அறச் செயலொன்றிற்கு நிதி திரட்டும் பொருட்டு 201 மணி நேரம் உறங்காதிருந்தார். வைத்தியரும் உளநூலாரும் உடனிருந்து நோக்கினர். நாட்கள் செல்லச் செல்ல அவர் இல்லாத பொருள்களைக் கண்டார். தம்மைச் சுற்றியிருந்தோர் தமக்குத் தீங்கு சூழ்வதாக ஐயுற்றார். எனினும் நாள்தோறும் தமது வானொலி நிகழ்ச்சி நேரம் வந்ததும் தம்மைத் திரட்டிக்கொண்டு வழக்கம்போலப் பேசினார். கேட்டவர் பலர்க்கு வேறுபாடு புலப்படவில்லை.

ஐந்து ஆண்டுகளின் பின், 1963 திசம்பர் முதல் 1964 சனவரி வரை, கலிபோர்ணியாவின் சன் டியேகோ நகரத்துப் பாடசாலை மாணவன் றண்டி காட்னர், விஞ்ஞானக் கண்காட்சி ஒன்றுக்காக 264 மணி நேரம், அதாவது 11 நாட்கள், விழித்திருந்தான். அப்பொழுது அவனுக்கு வயது 17. துயிலாராய்ச்சியில் வல்லவரான வில்லியம் டெமென்ற் இறுதி நாட்களில் அவனுடன் இருந்தார். கடைசி இரவில் விளையாட்டுப் பொறியொன்றில் காட்னர் தம்மை வென்றான் என டெமென்ற் எழுதினார். இச்செய்தியைக் கேட்டோர், துயிலிழப்பினால் பெருந்தீங்கு இல்லை என்று எண்ணத் தலைப்பட்டனர்.

ஆயின் அவனைக் கவனித்த கடற்படை வைத்தியர் வேறொரு செய்தியையும் பதிந்துள்ளார். பதினோராம் நாளில் அவனை நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டு வரும்படி கேட்டனர். 65 வரை வந்தவன் நிறுத்திவிட்டான். ஏன் நிறுத்தினாய் என வினவியபோது, தான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது மறந்துவிட்டது என்றான். விளையாட்டில் வென்றவனும் ஐந்தாம் படியிலே கணக்கை மறந்தவனும் ஒருவனே. இவ்விரண்டு செய்திகளும் எங்ஙனம் பொருந்தும்?

கணநேர அயர்வு

இப்புதிரை விடுவித்த ஆய்வு 1959இலேயே வெளிவந்திருந்தது. அமெரிக்க இராணுவத்தின் வால்ற்றர் றீட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த வில்லியம்ஸ், லூபின், குட்னோ ஆகிய மூவர், போர்வீரர் பலரை 72 முதல் 98 மணி நேரம்வரை விழித்திருக்கச் செய்து, அவர்களின் செயல்களை அளந்தனர். துயிலிழந்தவன் ஒவ்வொரு முறையும் மெதுவாகச் செயற்படுவதில்லை என்பதை அவர்கள் கண்டனர். பல முறை அவன் வழக்கமான விரைவுடனேயே விடையளிக்கின்றான். இடையிடையே சில விநாடி நேரம் ஒன்றுமே செய்யாது நின்றுவிடுகின்றான். பின்னர் மீண்டும் வழக்கம்போலத் தொடர்கின்றான். இக்கணநேர அயர்வுகள் விழிப்பு நீளுந்தோறும் எண்ணிக்கையில் மிகுகின்றன, ஒவ்வொன்றும் நீளுகின்றது.

அறிவு முழுவதும் ஒருங்கே மங்குவதன்று, இடையிடையே அறுந்து அறுந்து போவதே துயிலிழப்பின் இயல்பு என்பது இதனால் விளங்கிற்று. காற்றிலே நடுங்கும் விளக்கு எரியும்போது நன்றாகவே எரிகின்றது. எக்கணத்தில் அவியும் என்பதை மட்டும் எவராலும் கூறல் இயலாது. வீதியில் வாகனம் ஓட்டுபவனுக்கு அத்தகைய மூன்று விநாடி போதும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி அதற்குள் 50 மீற்றர் கடந்துவிடும்.

இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரத்து ஆய்வாளர் வில்கின்சன், 1960ஐ அடுத்த ஆண்டுகளில் இதற்கு மேலும் விளக்கம் தந்தார். சுருங்கிய, சுவையான, போட்டியுணர்ச்சியைத் தூண்டும் செயல்களிலே துயிலிழப்பு அதிகம் வெளிப்படுவதில்லை. நீண்ட, ஒரே தன்மையான, சுவையற்ற செயல்களிலே அது தெளிவாக வெளிப்படுகின்றது. றிப்பின் வானொலிப் பேச்சும் காட்னரின் விளையாட்டும் முதல் வகையின. ஏழேழாகக் கழித்தல் இரண்டாம் வகையினது. நம் வாழ்வில் பொறுப்பு மிக்க பணிகள் பலவும் இரண்டாம் வகையினவே: இரவுக் காவல், நெடுந்தூரம் வண்டியோட்டுதல், நோயாளியின் நாடியை மணிக்கு மணி நோக்குதல், மூன்று மணி நேரம் அமர்ந்து வினாத்தாளுக்கு விடையெழுதுதல்.

உடல் படும் பாடு

மனசேயினாவின் ஆய்வுக்கு எழுந்த தடைக்கு விடையிறுத்தவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்து அலன் றெக்ற்ஷாபன். 1983இல் இவரும் இவர்தம் துணைவரும் வகுத்த பரிசோதனையில், நீரின்மேல் அமைந்த வட்டத் தட்டொன்றின் இருபுறத்தும் இரண்டு எலிகள் விடப்பட்டன. அவற்றுள் ஒன்று உறங்கத் தொடங்கினால் மட்டுமே தட்டுச் சுழலும். அப்போது இரண்டும் நடந்தாகவேண்டும். தட்டு நிற்கும் வேளைகளில் மற்றைய எலி உறங்கலாம். எனவே நடையின் துன்பம் இரண்டுக்கும் ஒன்றே. துயிலிழப்போ ஒன்றுக்கே பெரிது. 1989இல் வெளியான முடிவின்படி முற்றாகத் துயிலிழந்த எலிகள் 11 முதல் 32 நாட்களுக்குள் இறந்தன, அல்லது இறக்கும் தறுவாயை அடைந்தன. அவை மிகுதியாக உண்டும் உடல் மெலிந்தன. தோலிற் புண்கள் தோன்றின. இறுதியில் உடல் வெப்பம் வீழ்ந்தது. நிகரான நடையை மேற்கொண்ட துணையெலிகளுக்கு அத்தகைய கேடு நேரவில்லை.

மனிதரில் இவ்வாறு ஆராய்தல் அறமாகாது. எனினும் சில நாட் துயிற்குறைவு உடலிற் செய்யும் மாற்றங்கள் அளக்கப்பட்டுள்ளன. 1999இல் சிக்காகோவில், நல்ல உடல்நலமுள்ள 11 இளைஞர் ஆறு இரவுகள் 4 மணி நேரமே படுக்கையிற் கழிக்குமாறு பணிக்கப்பட்டனர். அச்சிறு காலத்துள் அவர்கள் குருதியிலுள்ள குளுக்கோசை அகற்றும் வேகம் ஏறத்தாழ நூற்றுக்கு 40 வீதம் குறைந்து, முதியோரின் நிலையை ஒத்திருந்தது. நிறையத் துயின்றபின் அது சீரடைந்தது. 2002இல் வெளியான இன்னோராய்வு, இங்ஙனம் துயில் குறைந்தவர்களுக்குச் சளிக்காய்ச்சற் தடுப்பூசி ஏற்றியபோது, பத்து நாட்களின் பின் அவர்கள் உடலில் உண்டான எதிர்ப்புப் பொருள் ஏனையோரிற் காணப்பட்டதன் அரைப்பங்கிலும் குறைவாக இருந்தது எனக் காட்டிற்று. நீரிழிவு பெருகிவரும் நம் நாட்டில் முதலாவது செய்தி ஊன்றிச் சிந்திக்கத்தக்கது.

தன்னை அறியாமை

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். துயிலிழந்தவன் தன் தளர்வை அறிவானா?

1997இல் ஆஸ்திரேலிய அறிஞர் டோசன், றீட் என்போர், விழிப்பினால் வரும் தளர்வை மதுவினால் வரும் தளர்வோடு ஒப்பிட்டனர். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் செயற்றிறன், குருதியில் 0.05 வீத அற்ககோல் உள்ளவர்களின் செயற்றிறனுக்கு நிகராக வீழ்ந்தது. அந்நாட்டில் வாகனமோட்டுவோர்க்குச் சட்டம் விதித்த எல்லையும் அதுவே. 24 மணி நேர விழிப்போ 0.10 வீதத்துக்கு ஒப்பாயிற்று. காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து மணிவரை உழைத்து, அதன்பின் மோட்டார்ச் சைக்கிளில் வீடு திரும்புவோர் நம்மிடையே எத்தனை பேர்! மதுவருந்தி வண்டியோட்டுபவனை நாம் வெறுக்கின்றோம். உறக்கமின்றி ஓட்டுபவனை உழைப்பாளி எனப் புகழ்கின்றோம்.

இவற்றினும் ஆழமான உண்மையை 2003இல் வெளியான ஆய்வொன்று புலப்படுத்தியது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து வான் டொங்கன், டிங்கிஸ் முதலியோர் நல்ல உடல்நலமுள்ள 48 பேரை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். ஒரு பகுதியினர் 14 நாட்கள் இரவுதோறும் 8 மணி நேரமும், வேறொரு பகுதியினர் 6 மணி நேரமும், இன்னொரு பகுதியினர் 4 மணி நேரமும் படுக்கையிலிருந்தனர். எஞ்சிய பகுதியினர் மூன்று இரவுகள் சிறிதும் உறங்கவில்லை. ஆறு மணி நேரம் துயின்றோரின் கவனம் நாளுக்கு நாள் குன்றி, பதினான்காம் நாளில், ஓர் இரவு முழுவதும் உறங்காதவரின் நிலைக்குத் தாழ்ந்தது. நான்கு மணி நேரம் துயின்றோர் இரண்டு இரவுகள் உறங்காதவர் நிலையை எய்தினர்.

இத்தளர்வு ஒருபுறமிருக்க, அவர்களையே நோக்கி, "உமக்கு எவ்வளவு உறக்கமாக உள்ளது?" என நாள்தோறும் வினவினர். முதற் சில நாட்களில் உறக்கம் மிகுந்ததாகக் கூறியவர்கள், அதன்பின் பெரிதும் மாற்றமில்லை என்றே கூறி வந்தனர். அளவுகருவிகள் காட்டிய தளர்வு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே சென்றது. அவர்கள் உணர்ந்த தளர்வோ ஓரிடத்தில் நின்றுவிட்டது. "பழகிவிட்டது" என நாம் கூறுவது இந்நிலையையே. பழகியது உடலன்று, தளர்வை உணரும் உணர்ச்சியே மழுங்கிப்போயிற்று. துயிலிழந்தவன் தன் அறிவைத் தானே எடைபோட முற்படுகின்றான்; எடைபோடும் தராசும் அவ்விழப்பினாற் பழுதுபட்டதென்பதை அவன் அறியான். துயிலிழப்பு ஆராய்ச்சியின் வரலாற்றில் கண்டறியப்பட்ட உண்மைகளுள் தலையாயது இதுவென்பது எம் துணிபு.

உலகம் கற்ற பாடம்

தன் தளர்வைத் தானே அறியாதவனைக் காக்க வேண்டியது பிறர் வகுக்கும் ஒழுங்காகும். இவ்வுண்மையை உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1989 மார்ச்சு 24ஆம் நாள் நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், எக்ஸன் வல்டீஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காக் கரையோரத்தில் பாறையில் மோதிற்று. பெருந்தொகையான எண்ணெய் கடலிற் கலந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அதற்குரிய காரணங்களுள் ஒன்றாக, அவ்வேளை கப்பலைச் செலுத்திய அதிகாரியின் களைப்பையும் பணிச்சுமையையும் குறித்தது. வேறு காரணங்களும் இருந்தன என்பதை மறத்தலாகாது. ஒரு பேரழிவுக்குத் துயிலிழப்பொன்றே காரணம் எனக் கூறல் அரிது. பல குறைகள் ஒன்று சேரும் வேளையில், அவற்றைக் கண்டு தடுக்க வேண்டியவன் அயர்ந்திருந்தான் என்பதே பெரும்பாலும் நிகழ்வது.

வைத்தியத் துறையின் வரலாறும் இதனையே கூறுகின்றது. 1971இல் அமெரிக்காவில் 14 பயிற்சி வைத்தியரை ஆராய்ந்தபோது, துயிலிழந்த நிலையில் அவர்கள் இதயத்தின் மின்வரைவைப் படிப்பதில் ஏறத்தாழ இருமடங்கு பிழை விட்டனர். அவ்வாறிருந்தும், இளம் வைத்தியர் ஒன்றரை நாள் தொடர்ந்து பணியாற்றுதல் தொழிற்பயிற்சியின் மாண்பெனவே கருதப்பட்டது. 1989இல் நியூயோர்க் மாநிலம் அவர்களின் பணிநேரத்தைக் கிழமைக்கு 80 மணியாக வரையறுத்தது. 2003இல் அமெரிக்கா முழுவதும் அவ்வரையறை வந்தது. 2004இல் பொஸ்ரனில் செய்யப்பட்ட ஆய்வு, பழைய நீண்ட முறையிற் பணியாற்றியோர் கடும் பிழைகளை நூற்றுக்கு 36 வீதம் மிகுதியாகச் செய்தனர் எனக் கண்டது. அவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர், கடமையில் வழுவியவருமல்லர். துயிலொன்றே குறைந்திருந்தது.

மாணவர்க்கு

துயிலுக்கும் கல்விக்குமுள்ள தொடர்பு 1924இலேயே காட்டப்பட்டது. கோர்ணெல் பல்கலைக்கழகத்து ஜெங்கின்ஸ், டலன்பாக் என்போர் பொருளற்ற அசைகளை இரு மாணவரை மனனஞ் செய்யச் செய்து, சில மணி நேரத்தின்பின் ஒப்புவிக்கக் கேட்டனர். கற்றபின் உறங்கியவேளை, விழித்திருந்த வேளையிலும் பார்க்க அதிகம் நினைவில் நின்றது. 2000ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகத்து ஸ்ரிக்கோல்ட் முதலியோர் இன்னொன்று கண்டனர். பார்வைத்திறன் ஒன்றைப் பயின்றவர்கள் அன்றிரவு துயில் இழப்பின், அடுத்த இரண்டு இரவுகள் நன்கு துயின்றும் அப்பயிற்சியின் முன்னேற்றத்தை எய்தவில்லை. பயிரிட்ட அன்று பாய்ச்சாத நீரைப் பின்னர்ப் பாய்ச்சுவதால் எல்லாப் பயிரும் மீள்வதில்லை. கற்றதை மூளை தன்னுடையதாக்கிக்கொள்வது துயிலிலே நிகழும் ஒரு வேலை; துயிலை மறுத்துப் படிப்பவன் விதைத்ததை அறுவடைக்கு முன்னே கைவிடுகின்றான்.

13 முதல் 18 வயதுவரையுள்ளோர்க்கு 8 முதல் 10 மணி நேரத் துயில் வேண்டுமென அமெரிக்கத் துயில் மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. அவ்வயதினரின் உடற்சுழற்சி இயல்பாகவே பிந்துவதால் அவர்களுக்கு முன்னிரவில் உறக்கம் எளிதில் வருவதில்லை. அதிகாலைத் தனிவகுப்பும், ஏழரை மணிப் பாடசாலையும், மாலைத் தனிவகுப்பும், இரவு வீட்டு வேலையும், அதற்குமேற் கைப்பேசியும் சேர்ந்தால், எட்டு மணி நேரத்துக்கு இடமெங்கே? முதற் பாடவேளையில் மேசைமீது தலை சாய்க்கும் மாணவனைத் தண்டிக்குமுன், ஆசிரியராகிய நாமும் பெற்றோரும் இவ்வினாவை நம்மை நாமே கேட்டல் வேண்டும்.

முடிவுரை

சொந்த அனுபவம் ஒன்றைக் கூறி முடிக்க வாசகர் இடந்தருவாராக. இக்கட்டுரையாளன் பகலிலே கற்பித்து இரவிலே கற்று, வெளிவாரியாகப் பட்டம் பெற்றவன். வரலாற்றுப் பரீட்சை ஒன்றுக்கு முன்னைய மூன்று இரவுகளும் இரண்டு மூன்று மணி நேரமே துயின்றான். பரீட்சை மண்டபத்தில் அவனுக்கு உறக்கம் வரவில்லை, கை தயங்கவில்லை, எழுதியவை யாவும் நன்றென்றே தோன்றின. மண்டபத்திற்கு வெளியே, தேநீர்க் கடையில், நண்பர் ஒருவர் வினாத்தாளை விரித்துக் காட்டியபோதே உண்மை தெரிந்தது. முதலாம் உலகப் போரின் காரணங்களைக் கேட்ட வினாவுக்கு அவன் அப்போரின் விளைவுகளை நான்கு பக்கம் எழுதியிருந்தான். வினாவை இருமுறை படித்ததும் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. படித்த கண் பிழைக்கவில்லை. அயோவாவின் இளைஞர்க்கு நேர்ந்ததே அவனுக்கும் நேர்ந்தது. அப்பத்திரத்தை அவன் மறு ஆண்டு மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. அம்முறை பரீட்சைக்கு முந்தைய நாள் இரவு பத்து மணிக்குப் புத்தகத்தை மூடினான்.

வறுமையாலும் தொழிலாலும் இரவைத் துயிலின்றிக் கழிப்போர் உளர். தாதியரும், கடலுக்குச் செல்வோரும், பேக்கரித் தொழிலாளரும், கைக்குழந்தையுடைய தாய்மாரும் விரும்பி விழித்திருப்போரல்லர். அவர்கள் நம் நன்றிக்கும் பரிவுக்கும் உரியோர். அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும்படி பணிநேரத்தை ஒழுங்கு செய்தல் சமுதாயத்தின் கடன். ஆனால் பெருமைக்காகத் துயிலை விலக்குதல் வேறு. 1894 முதல் இன்றுவரை நிகழ்ந்த ஆராய்ச்சிகள் அனைத்தும் அப்பெருமைக்கு ஆதாரம் எதுவும் தரவில்லை. "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" எனத் துயிலிழந்தவன் கூறுவதைச் சான்றாக ஏற்றல் தகாது. அச்சான்றைக் கூறும் அறிவே அவனிடம் முதலிற் குறைகின்றது. ஆதலின் மாணவரே, விழித்திருந்த மணிகளை எண்ணுதலை விடுத்து, விழிப்போடு இருந்த மணிகளை எண்ணுங்கள். அவ்விழிப்பைத் தருவது முந்திய இரவின் நற்றுயிலே என்பதை மறவாதிருப்பீராக.